மருதாணி காயும் வரை

இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன், பக்கத்து இலையையும் நானே துடைத்தேன், ஏனென்றால் என் மகள் வலது கையில் மருதாணி வைத்திருக்கிறாள், காயாமலிருக்க எலுமிச்சைச் சாறு தொட்டுவைத்த ஈர மருதாணி, அந்தக் கையால் அவள் எதையும் தொடக் கூடாது, அதனால்தான் எட்டு வயதுப் பெண்ணுக்கு நான் ஊட்டிவிடப் போகிறேன், யார் கேட்டாலும் இதுதான் பதில், காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லியாயிற்று, சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜம் போலப் படிந்துவிட்டது. உப்பு வைத்துக்கொண்டு போகிறான் ஒருவன், பின்னாலேயே ஊறுகாய், அதன் பின்னால் இனிப்புக்குக் கச்சாயம், இந்த வரிசை தவறாது, உலகத்தில் எது தவறினாலும் கல்யாணப் பந்தியில் வரிசை தவறாது. என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம், உடுமலையில் பெரிய மண்டபம், அதிகாலையிலேயே முகூர்த்தம் முடிந்து, இப்போது மதியச் சாப்பாடு, மேலே நாதஸ்வரக்காரர்கள் வாத்தியத்தைக் கட்டிவைத்துவிட்டு ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டைப் போட்டுவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சம்பத் வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே ஏற்கெனவே ஆறேழு பேர் நிற்கிறார்கள், இவர் நின்றுதான் ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் மகள் சம்முவுக்கு நான் ஊட்டுவதை இவர் பார்க்க வேண்டியிருக்காது, அதனால் நிற்கிறார். ஆடி மாதத்துக்குப் பிறகு இந்த மனிதர் எங்கே போனாலும் கும்பிடு போடுகிற வேலையைத் தேடி எடுத்துக்கொள்கிறார். நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தால் நல்லதுதான்.

மருதாணி என்னுடைய யோசனை இல்லை, எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்து இலையில் உப்பை ஓரம் தள்ளிக்கொண்டிருக்கிறாளே என் நாத்தனார் வளர்மதி, அவளுடையது. காலையில் மண்டபத்துக்குள் நுழையும்போதே என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். "ஏ கோகிலா, மெகந்தி போடற புள்ளைக ரெண்டு வந்துருக்குதுக. சம்முக்கு வலது கை நெறையப் போட்டுரு. அப்பறம் நீ ஊட்டி உட்டாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." நான் சம்முவின் கையைப் பார்த்தேன். "பொம்பளப் புள்ள. பொண்ணு வீட்டுக்காரங்க பூரா வந்துருக்கறாங்க. இன்னைக்கு ஒருத்தி பாத்தா நாளைக்கு ஊரே பேசும். நாளப்பின்ன ஒரு நல்லது கெட்டதுன்னு வந்தா நாமதான் பதில் சொல்லோணும்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு கையை மருதாணியில் மறைப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். ஆனால் வளர்மதியைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சம்மு படுத்திருந்தபோது அவளுடைய மூத்திரத் துணியை அலசிப் போட்டவள் இவள்தான், சொந்த மகளுக்குச் செய்வது போல மூக்கைச் சுளிக்காமல் செய்தாள். மறைப்பதும் அவளுக்கு அதே மாதிரி ஒரு பணிவிடை. மெகந்தி போட வந்த பெண் சம்முவின் வலது கையை எடுத்துத் தன் முழங்கால் மேல் வைத்து, சுருண்டிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையில் மயில் போட்டாள். "எவ்ளோ ஆடாம வெச்சிருக்கா பாருங்கக்கா. மத்ததுக எல்லாம் ஆட்டி ஆட்டிக் கெடுத்துருதுக. தங்கமான புள்ள." சம்மு சிரித்தாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இது அழ வேண்டிய இடம் என்று புத்திக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் அப்படித்தான், ஒரு விஷயம் நடக்கிறது, நடந்தது என்று குறித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான், உள்ளே எதுவும் அசைவதில்லை, மரத்துப்போன ஈறை நாக்கால் தடவிப் பார்ப்பது போல என்னையே தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

கச்சாயம் விழுந்தது. பிட்டு ஒரு துண்டை சம்முவின் வாய்க்குக் கொண்டுபோனேன், அவள் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள். வெறுப்பு இல்லை, கெஞ்சல் இல்லை, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைப் பார்ப்பது போன்ற ஒரு பார்வை. அப்புறம் வாங்கிக்கொண்டாள். வீட்டில் இவள் தானே சாப்பிடுகிறாள், இடது கையால், வேகமாக, சில நேரம் சிந்தாமல். வெளியில் எங்கேயும் சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் டப்பா அப்படியே திரும்பி வருகிறது, பசிக்கலை என்பாள். இன்றைக்குக் கிளம்பும்போது கேட்டாள், "அம்மா, அங்க நான் எந்தக் கையில சாப்படறது?" நான் சொன்னேன், பாத்துக்கலாம் வா. பாத்துக்கலாம் என்பதற்கு இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும், மேற்கொண்டு கேட்கவில்லை. கச்சாயத்தை மெதுவாக மென்றாள், வலப்பக்கக் கடைவாயில் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டது, அது ஒட்டியிருப்பது அவளுக்குத் தெரியாது, அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு, யாரும் பார்ப்பதற்குள் என் விரலால் துடைத்தேன்.

இரண்டு இலை தள்ளிச் சின்ன அப்பாரு உட்கார்ந்திருக்கிறார், என் மாமனாருக்கு இன்னொரு தம்பி, சம்முவுக்குத் தாத்தா முறை, அவருக்கு வாதம் வந்து வருஷக் கணக்காகிறது. இடது கையால் கரண்டி பிடித்து அள்ளிப் போட்டுக்கொள்கிறார், பாதி வேட்டியில் விழுகிறது, பரிமாறுகிற பையன்கள் அவர் இலைக்கு மட்டும் கூடவே ஒரு கரண்டியைத் தேடிக் கொண்டுவந்து வைக்கிறார்கள், போகிறவர் வருகிறவரெல்லாம் "நல்லாச் சாப்புடுங்க மாமா" என்று தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். அவர் மருதாணி வைத்துக்கொள்ளவில்லை. வயசானவருக்கு வந்தால் வாதம், என் மகளுக்கு வந்தால் ரகசியம். இந்தச் சின்ன அப்பாரு மாதிரி நடித்துக் காட்டுவதில் சம்மு கெட்டிக்காரி. வாயை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, வலது காலைத் தேய்த்து, கையைத் தொங்கவிட்டு, "எ... எல்லாருஞ் சாப்ட்டீங்ளா" என்பாள், வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும், சிரித்து முடித்த பிறகு யாராவது ஒருவர் ஞாபகம் வந்தது போல, பெரியவங்களப் பழிப்புக் காட்டாத அம்மிணி, பாவம் புடிச்சுக்கும் என்று அதட்டுவார்கள். பாவம் பிடித்துக்கொண்டது என்றுதான் சம்பத்தின் பெரியம்மா ஒருத்தி பிற்பாடு சொன்னாள். ரத்தக் குழாய்க்குப் பாவம் புண்ணியம் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, அவள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள், நடுவில் கேட்டால் பதில் சொல்ல முடியாது என்று ஏதோ ஒரு சாக்கு.

பொரியல் வந்தது, கூட்டு வந்தது, வேண்டாம் என்பதற்கு நான் இலைக்கு மேலே கையை விரிக்கிறேன், அவன் அதற்குள் வைத்துவிடுகிறான். ஆடி நோம்பி அன்றைக்கும் இப்படித்தான் இலை போட்டுச் சாப்பிட்டோம், சம்பத் வீட்டில், ஆசாரத்தில், அந்த முன்கூடத்தில், வரிசையாக. காலையில் வேப்ப மரத்தில் தூரி கட்டியிருந்தார்கள், பிள்ளைகள் மாற்றி மாற்றி ஆடினார்கள், சம்மு ஏறி இரண்டு ஆட்டம் ஆடுவதற்குள் வலது கை கயிற்றைவிட்டு நழுவிச் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, கை புடிக்க மாட்டேங்குது." கையை மடக்கிப் படுத்திருப்பே, மரத்துப் போயிருக்கும், உதறு, சரியாயிரும், என்று சொன்னது நான். உதறினாள், நன்றாக ஞாபகம் இருக்கிறது, சொன்னதைக் கேட்கிற பிள்ளை, இடது கையால் வலது கையைப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஒப்பிட்டு, அதுதான் போளி, வந்தபோது இடது கையை நீட்டினாள். வளர்மதி அந்தக் கையைத் தட்டினாள், "சோத்துக்கை எங்கடி?" எல்லாரும் பார்த்தார்கள், எனக்கு மானம் போனது, எட்டு வயசாகியும் எந்தக் கையில் வாங்குவது என்று சொல்லிக்கொடுக்காத தாய் நான், ஆகவே நானும் தட்டினேன். திரும்பவும் இடது கையையே நீட்டினாள். திரும்பவும் தட்டினேன். இதை நான் ஒரு குற்றமாக எடுத்துச் சொல்லவில்லை, அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த எந்தத் தாயும் தட்டியிருப்பாள், நாங்கள் பிறந்ததிலிருந்து அப்படித்தான், பல் முளைப்பதற்கு முன்னாலேயே எது சோத்துக்கை என்று தெரிந்துவிடும். அப்போது சம்மு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, வார்த்தை குழறி வந்தது, சின்ன அப்பாரு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு சம்பத் எழுந்து வந்து, அவரை வெச்சுக்கிட்டே பழிப்புக் காட்டறயா என்று முதுகில் ஒன்று வைத்தார். சம்மு அழுதாள். அழும்போது முகத்தில் ஒரு பாதிதான் அழுதது. அதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்று இப்போது தெரிகிறது, அப்போது என்ன பார்த்தேன் என்று தெரியாது.

என் வேலையே பார்ப்பதுதான். பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், மேஜை மேல் துணி வந்து விழுந்துகொண்டே இருக்கும், இரண்டு தோளும் சமமாக இருக்கிறதா, காலர் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருக்கிறதா, தையல் எங்காவது விட்டிருக்கிறதா, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள் என்று சூப்பர்வைசர் என்னைக் கேலி செய்வார், கோகிலா பாஸ் பண்ணின பீஸ் திரும்பி வராது என்பார். கோணலைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். கம்பெனியில் விஷயம் தெரிந்த இரண்டு பெண்கள் ஆறுதலுக்கு என்று, நமக்கென்னக்கா தெரியும், சின்னப் புள்ளைக்கு இதெல்லாம் வரும்னு யாருக்குத் தெரியும் என்கிறார்கள். அது உண்மைதான். தெரியாததைக் கண் பார்க்காது. தோள் சமமாக இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்ததால்தான் எனக்குத் தோள் தெரிகிறது.

சாதம் வந்தது, பருப்பு, நெய். பிசைகிறேன். அன்றைக்குச் சாப்பிடாமலேயே என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள், தலை வலிக்குது என்றாள், கோபித்துக்கொண்டாள் என்று விட்டுவிட்டோம். எழுந்து பாத்ரூம் போகும்போது நிலைப்படியில் விழுந்தாள். கண்ணு பட்டுப்போச்சு என்று உப்பு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார்கள், நெடி வந்தது, நெடி வந்தால் கண்ணேறு இல்லை என்று அர்த்தமாம், வராவிட்டால்தான் இருக்கிறதாம், நெடி வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு பக்கத்து டாக்டர். அவர் நல்ல மனிதர், கையைத் தூக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், வெயில்ல ஆடியிருக்கா, சோர்வு, ஒரு குளுக்கோஸ் ஏத்தலாம் என்றார். சம்பத்தான் கேட்டார், வாயி கோணற மாதிரி இருக்குதுங்களே, வாதம் மாதிரி ஏதாவது. அவர் சிரித்தார், "புள்ளைகளுக்கு வாதமெல்லாம் வராதுங்க. பயப்படாமப் போங்க." எவ்வளவு இனிப்பான வார்த்தை அது. கும்பிட்டுவிட்டு வந்தோம். மறுநாள் காலையில் எழுப்பினால் வலது காலும் எழவில்லை. கோயமுத்தூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, சின்ன வயசு லேடி டாக்டர், என் தங்கை மாதிரி இருந்தாள், "பாப்பாவுக்கு ஸ்ட்ரோக்" என்றாள். யாருக்கு என்று கேட்டேன். வேறு யாருடைய படத்தையோ பார்த்துச் சொல்கிறாள் என்று நினைத்தேன். "கொழந்தைங்களுக்கும் வரும்மா. பொறந்த கொழந்தைக்குக்கூட வரும். சமீபத்துல அம்மை போட்டுச்சா?" போட்டது, சித்திரையில், வேப்பிலைப் படுக்கை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, மாரியாத்தா இறங்கிவிட்டாள் என்று பொங்கலும் வைத்தோம். "அம்மைக்கு அப்பறம் சில கொழந்தைங்களுக்கு மூளைக்குப் போற ரத்தக் குழாய் வீங்கிச் சுருங்கிடும். அதுவா இருக்கலாம், உறுதியாச் சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." நர்ஸ் கூப்பிட்டாள், டாக்டர் போய்விட்டாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவே இல்லை. நான்தான் முடித்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் ஒரு மாதிரி முடிப்பேன், துணி மடிக்கும்போது வேறு மாதிரி. முன்னாடி வந்திருந்தா விரல் விரிந்திருக்கும். முன்னாடி வந்திருந்தா பேச்சு மட்டுமாவது. முன்னாடி வந்திருந்தாலும் ஒன்றும் இல்லை, இதேதான். கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது, அதை நினைத்துக்கொண்டால் தூங்கலாம், ஆனால் நினைத்த உடனே முதலாவது வந்து மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது பிசியோவில் என்ன செய்யச் சொல்கிறார்கள் தெரியுமா, தினமும் கொஞ்ச நேரம் இடது கைக்கு உறை போட்டுக் கட்டிவிடச் சொல்கிறார்கள். நல்ல கை கட்டுப்பட்டால்தான் சோம்பின கை வேலை கற்றுக்கொள்ளுமாம். முதல் நாள் நான் சாக்ஸை மாட்டிவிட்டபோது சம்மு, "இந்தக் கைய மறுபடியும் தட்டறீங்ளா?" என்றாள், குழறல் இல்லாமல், தெளிவாக. பேச்சு நன்றாகத் திரும்பிவிட்டது, கால் முக்கால்வாசி, கைதான் பின்தங்கி நிற்கிறது, டாக்டர் நம்பிக்கையாகத்தான் இருக்கிறாள், சின்னப் பிள்ளை மூளை வளைந்து கொடுக்கும் என்கிறாள். கொண்டைக்கடலையைக் கிண்ணத்திலிருந்து கிண்ணத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்று எடுப்பதற்குள் நெற்றி வேர்த்துவிடுகிறது. போன வாரம் ஒரு கடலை விரலிடுக்கில் நின்று, பாதி தூரம் போய் விழுந்தது, சம்மு என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் கை தட்டினேன், உள்ளுக்குள் சந்தோஷம் என்று ஒன்று வர வேண்டும், வரும் என்று காத்திருந்தேன். அது வருவதற்குள் பால் பொங்கிவிட்டது, போய் இறக்கினேன்.

"ஒழுங்கா வாங்குடா. சோத்துக்கை. சோத்துக்கையக் காட்டு."

சம்முவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண். கிளிப்பச்சைப் புடவை, இருபத்தைந்து வயது இருக்கலாம், எனக்கு யாரென்று தெரியாது, பேச்சிலிருந்து பொண்ணு வீட்டு ஆள், பல்லடம் பக்கம். மடியில் மூன்று வயதுப் பையன். அப்பளம் வாங்க இடது கையை நீட்டினான், அவள் தட்டினாள், கையை இழுத்துக்கொண்டான், மறுபடி அதே கையை நீட்டினான், அவள் மறுபடி தட்டினாள். பக்கத்தில் இருந்தவளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள், "நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் சாப்ட்டான் பெரியம்மா. இன்னைக்குக் காத்தால டிபன்லருந்து இந்தக் கையத்தான் நீட்டறான். அந்தக் கையத் தூக்கவே மாட்டேங்கறான். எல்லாருமிருக்கறாங்கன்னு லொள்ளு." நான் பருப்புச் சாதத்தை உருட்டிக்கொண்டிருந்தேன். பையனுடைய வலது கை அவன் தொடை மேல் கிடந்தது, விரல்கள் மூடியிருந்தன, இறுக்கமாக. சின்னப் பிள்ளைகளில் இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் உண்டு. லொள்ளு பிடித்த பிள்ளைகளும் உண்டு. ஆயிரம் பிள்ளைகள் இடது கையை நீட்டுகின்றன, ஆயிரத்துக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் நேற்று வரைக்கும் என்றாளே. இன்றைக்குக் காலையிலிருந்து என்றாளே. திடீரென்று வந்ததா, திடீரென்று, அதைத்தான் அந்த லேடி டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டாள், திடீர்னா, திடீர்னு கை விழுந்துச்சா, திடீர்னு வாய் கோணுச்சா, திடீர்னு பேச்சு மாறுச்சா. வளர்மதி என் தொடையை அழுத்தினாள். அவளுக்கும் கேட்டிருக்கிறது. "சும்மா இரு," என்றாள் உதடு அசையாமல், "பொண்ணு வீட்டு ஆளுக." சாம்பார் வந்தது. நான் வாயைத் திறந்தால் ஈர மருதாணி, நாலு மாதப் பொய், வளர்மதியின் பாடு, எல்லாம் பந்தி நடுவில் கொட்டும். பையனுக்கு ஒன்றும் இல்லையென்றால் நான் பைத்தியக்காரி, அதுவும் கல்யாண வீட்டில் அபசகுனம் பேசின பைத்தியக்காரி. நான் நினைத்தது தப்பாக இருந்தால் என் மானம் போகும், சரியாக இருந்தால் அவன் கை போகும். இவ்வளவு எளிய கணக்கு, இதைப் போட எனக்கு ஒரு கரண்டி சாம்பார் விழுகிற நேரம் ஆயிற்று.

பந்தியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்திருக்கக் கூடாது, எழுந்தேன். சம்முவின் நாற்காலிக்குப் பின்னால் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் குனிந்தேன். "கண்ணு, பையனுக்கு அந்தக் கை எத்தனை நேரமா இப்படி?" அவள் என் எச்சில் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னக்கா?" என் வலது கை எச்சில், இடது கையால்தான் பையனின் தாடையைத் தொட்டுத் திருப்பினேன். "என்ன பண்றீங்க?" என்றாள், குரல் ஏறிவிட்டது. அப்போதுதான் சொன்னேன், மெதுவாகச் சொல்வதாகத்தான் நினைத்தேன், மண்டபமே திரும்பிப் பார்த்ததிலிருந்து கத்தியிருக்கிறேன் என்று தெரிகிறது. "என்ற பொண்ணுக்கு ஸ்ட்ரோக் வந்துச்சு. இதா, இவளுக்கு. வாதம். ஆடி நோம்பிக்கு இதே மாதிரி இடது கையத்தான் நீட்டினா, நாங்க தட்டி உட்டுட்டே இருந்தோம். சின்னப் புள்ளைகளுக்கும் வரும். தயவு செஞ்சு ஒருக்காப் பாத்துரலாம் கண்ணு." பரிமாறுகிறவன் வாளியோடு நின்றுவிட்டான். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன், ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள், யாரோ ஒரு ஆள் "நல்ல நாள்ல இதென்ன பேச்சு" என்றார். நான் பையனிடம், "சாமி, ஈ காட்டு, பல்லெல்லாம் காட்டு" என்றேன். அவன் காட்டவில்லை. "பேரென்ன?" சொல்லவில்லை. "அந்தக் கையத் தூக்கு தங்கம்." கையைப் பின்னால் இழுத்து இன்னும் இறுக்கி மூடிக்கொண்டான். அவன் அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "தர்ஷா, தொறடா, தொறடா கையை, அய்யோ எம்புள்ள..." எனக்கு அந்த நேரம் பயம் என்ற ஒன்று காலிலிருந்து ஏறியது, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அது என்ன என்று அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்சம் நேரம் பிடித்தது.

கையைத் திறந்தான். அம்மா அழுவதைப் பார்த்துப் பயந்து தானாகவே திறந்தான், ஐந்து விரலும் பூ மாதிரி விரிந்தன. உள்ளே அட்சதை. மஞ்சள் அரிசி, வேர்வையில் கஞ்சியாகி உள்ளங்கையோடு ஒட்டிக்கிடந்தது. "மாமா மேல போடோணும்," என்றான், வார்த்தை வார்த்தையாக, சுத்தமாக. "மேளம் அடிச்சா போடச் சொன்னாங்க. எனக்குத் தெரியலை. எல்லாரும் நின்னுட்டாங்க. இன்னொருக்கா மேளம் அடிப்பாங்களா?" யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் அவனும் சிரித்தான், வாயின் இரண்டு ஓரமும் ஒரே உயரத்துக்கு ஏறின. பீஸில் ஒரு தப்பும் இல்லை. பாஸ்.

அவன் அம்மா பிள்ளையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, "உசுரே போயிருச்சு, நல்லாருப்பீங்களா நீங்க, பைத்தியமா உங்களுக்கு" என்றாள். நியாயம்தான். வளர்மதி என் முழங்கையைப் பிடித்து என் இடத்துக்கு இழுத்தாள், "போதுமா? ஊருக்கெல்லாம் சொல்லியாச்சா?" அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லியாயிற்று என்றேன். உட்காரும்போதுதான் பார்த்தேன், சம்மு நான் உருட்டி வைத்திருந்த பருப்புச் சாதத்தை இடது கையால் எடுத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தாமல், பசியோடு. "ரசம் ஊத்தச் சொல்லுங்கம்மா" என்றாள். ரசம் ஊற்றினார்கள். பந்தி மறுபடி ஓட ஆரம்பித்தது, ஆனால் ஓட்டத்தில் ஒரு முணுமுணுப்பு இருந்தது, எதிர் வரிசையில் ஒருத்தி தன் மகளை, எங்க, சிரி பாக்கலாம் என்று கேட்பது காதில் விழுந்தது, இன்னொருத்தி கேலியாகத்தான் கேட்டாள், ஆனால் கேட்டாள். கிளிப்பச்சைப் புடவைக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. பையனின் உள்ளங்கையைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்த பிறகும் துடைத்தாள். பிறகு நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மறுபடி ஒருமுறை சிரிக்கச் சொல்லிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்தது, வந்தேவிட்டது, சோற்றில் விழுந்தது, யாருடைய பிள்ளையோ நன்றாக இருப்பதற்கு நான் அழுதேன். ஆடி நோம்பி அன்றைக்கு அந்த ஆசாரத்தில் யாராவது ஒருத்தி இப்படி எச்சில் கையோடு எழுந்து வந்திருந்தால், அவளை நானும் பைத்தியம் என்றுதான் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, என் மகளைச் சிரிக்கச் சொல்லிப் பார்த்திருப்பேன்.